காருக்குள் ஒரு கண்டிப்பு

விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் வெளியூர் மக்களுக்கு வண்ணப் பொம்மைகளே நினைவுக்கு வரும். அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும், தொழிற்பேட்டையின் சிறு சூளைகளும் சேர்ந்து இவ்வூருக்கு ஈட்டித் தந்த பெயர் அது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த என் போன்றோருக்குப் பொம்மைக்கு முன்பாக நினைவுக்கு வருவது வெள்ளை நிறப் பியூஸ் கட்டைதான். மின்கணக்கு மீட்டருக்குக் கீழே பலகையில் பதிந்திருக்கும் அந்தச் சிறு பீங்கான் கட்டையைப் பழைய வீடுகளில் பார்த்திராதவர் இருக்க முடியாது. அதன் இரு பித்தளை முனைகளுக்கு இடையே மெல்லிய கம்பி ஒன்று ஓடும். மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயும்போது கம்பி உருகும், விளக்கு அணையும், வீடு பிழைக்கும்.

விளக்கு அணைவதை யார்தான் விரும்புவர்? என் சிறு வயதில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. வாசலில் பெரிய நட்சத்திரமும் குடிலைச் சுற்றி விளக்குச் சரமுமாக எங்கள் வீடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாடற்குழுவினர் தெருமுனைக்கு வந்துவிட்ட நேரத்தில் பியூஸ் போயிற்று. மாமா கம்பி கட்டினார்; மீண்டும் போயிற்று. மூன்றாம் முறை அவர் பொறுமையிழந்து, எங்கிருந்தோ ஒரு தடித்த கம்பியை எடுத்து முறுக்கிக் கட்டிவிட்டார். அதன்பின் பியூஸ் போகவேயில்லை. பொங்கலுக்குச் சற்று முன்னே சுவருக்குள் சென்ற மின்கம்பி கருகி, பலகை முழுவதும் எரிந்து, அந்தச் சுவரைக் கொத்திப் புதிதாகப் பூச வேண்டியதாயிற்று. பியூஸ் கட்டை மட்டும் கரி படிந்து, விரிசலின்றி அப்படியே இருந்தது. சூளையில் வெந்த பொருளுக்கு அந்தத் தீ பெரிதன்று.

இந்தப் பழங்கதையை எனக்கு நினைவூட்டியது சென்ற வைகாசியில் உறவினர் திருமணத்துக்காக நாங்கள் மேற்கொண்ட சென்னைப் பயணம். வாடகைக்கு அமர்த்திய புதிய கார். முழங்கால் வலி காரணமாக நான் முன்னிருக்கையில் அமர்ந்தேன். வண்டி பாலக்கரையைத் தாண்டுமுன்பே 'டிங், டிங்' என்று ஓர் ஓசை எழுந்தது. முதலில் மெல்ல ஒலித்தது, பிறகு விரைந்தது, பிறகு பிடிவாதம் கொண்ட குழந்தையைப்போல் விடாது அலறியது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "ஐயா, அந்த பெல்ட்டை சீட்டுக்குப் பின்பக்கமா விட்டு மாட்டிட்டு, அதும்மேல சாஞ்சிக்கிங்க. கத்தாது" என்றார். அவர் பக்கத்தில் பட்டை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கொக்கி செருகப்பட வேண்டிய பள்ளத்தில் ஒரு சிறு உலோக நாக்கு மட்டும் செருகப்பட்டிருந்தது. நானும் அவர் சொன்னபடியே செய்தேன். ஓசை அடங்கியது. உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்தபின்தான், நாங்கள் இருவரும் செய்திருப்பது மாமா கட்டிய தடித்த கம்பியே அல்லவா என்ற எண்ணம் எனக்குத் தோன்றியது.

இக்காலக் கார்களில் எரிச்சலூட்டுபவை எவை என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டைக்கு ஓர் ஓசை, வேகத்துக்கு ஓர் ஓசை, பின்னோக்கிச் சென்றால் ஓர் ஓசை, கதவு சரியாக மூடாவிட்டால் ஓர் ஓசை என்று அடுக்குவர். நம்மில் மூத்தோர் அம்பாசிடர் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவர். 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டி நெடுங்காலம் நம்மிடம் எதுவும் பேசியதில்லை. அதன் தகரங்கள் மட்டுமே பேசின. பிற்பாடு, பின்னோக்கிச் செல்லும் கார்கள் சினிமாப் பாட்டின் மெட்டை மின்னொலியாகக் கிறீச்சிட்டு, நடுநிசியில் தெருவையே எழுப்பிய காலமும் ஒன்று உண்டு. அது எந்தச் சட்டமும் கேட்டதன்று. நாமே காசு கொடுத்துப் பொருத்திக்கொண்டது. ஓசை நமக்குப் பகையன்று என்பதற்கு அதுவே சான்று. நம்மைக் கண்டிக்கும் ஓசைதான் பகை.

அந்தக் கண்டிப்புக்கு அரைநூற்றாண்டு வரலாறு உண்டு. தோளையும் இடுப்பையும் ஒருசேர அணைக்கும் இன்றைய மும்முனைப் பட்டையை 1959இல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன் அவர் போர் விமானங்களில் விமானியை வெளியே எறிந்து காக்கும் இருக்கைகளை அமைத்து வந்தார். தன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்த வோல்வோ இடங்கொடுத்தது. கருவி ஆயத்தமாயிற்று, அதை அணியும் மனம்தான் ஆயத்தமாகவில்லை. அமெரிக்காவில் ரால்ப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் கார் உற்பத்தியாளரின் அலட்சியத்தை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. புதிய கார்களிலெல்லாம் பட்டைகள் வந்தன. மக்களோ அவற்றை இருக்கையின் இடுக்கில் திணித்துவிட்டு அவற்றின்மேல் அமர்ந்து பயணம் செய்தனர்.

எனவே அரசு வேறு வழி தேடியது. பயணி எதுவும் செய்யாமலேயே அவரைக் காக்கும் காற்றுப்பையைக் கட்டாயமாக்கலாம் என்பது ஒரு கருத்து. செலவை அஞ்சிய உற்பத்தியாளர் அதை விரும்பவில்லை. 1971 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர்கள் குடியரசுத் தலைவர் நிக்சனை நேரில் கண்டு முறையிட்டனர். அந்த உரையாடல் வெள்ளை மாளிகையின் ஒலிநாடாக்களில் பதிவாகியுள்ளது. காற்றுப்பை தள்ளிப்போயிற்று. அதற்கு ஈடாக வந்தது ஒரு பூட்டு. 1974ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், முன்னிருக்கையில் இருப்போர் பட்டை அணிந்தாலன்றி எஞ்சினே உயிர்பெறாது. அதிலும் ஒழுங்குமுறை இருந்தது: முதலில் அமர வேண்டும், பின் பட்டையை மாட்ட வேண்டும், அதன்பிறகே சாவியைத் திருக வேண்டும். வரிசை மாறினால் கார் அசையாது. முன்னிருக்கையில் கடைச் சாமான்களை வைத்தாலும், வீட்டு நாய் ஏறி உட்கார்ந்தாலும், அவற்றுக்கும் பட்டை கட்டுமாறு கார் அடம்பிடித்தது.

நாடே கொதித்தெழுந்தது. உறுப்பினர்களின் அலுவலகங்களில் கடிதங்கள் குவிந்தன. 1974 அக்டோபரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். (கார் நிறுவனத்துக்கும் அவருக்கும் பெயர் ஒற்றுமையேயன்றி உறவு கிடையாது.) அத்தகைய பூட்டையோ, 8 விநாடிக்கு மேல் நீளும் எச்சரிக்கை ஓசையையோ அரசின் பாதுகாப்பு விதிகள் இனிக் கோரலாகாது என்றது அச்சட்டம். மனிதரின் எரிச்சலுக்கு விநாடிக் கணக்கில் எல்லை வகுத்த சட்டம் உலகில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அந்த 8 விநாடித் தடை 2012 வரை நீடித்தது. பட்டை அணிவோர் தொகையோ 1980களின் தொடக்கத்திலும் 100க்கு 15ஐ எட்டவில்லை. 1984இல் நியூயார்க் மாநிலம் அணியாதவருக்குத் தண்டம் விதிக்கச் சட்டம் இயற்றி, பிற மாநிலங்களும் பின்தொடர்ந்த பிறகே நிலைமை மாறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அந்த ஞானத்தை 1970இலேயே பெற்றுவிட்டிருந்தது. அணிவதைக் கட்டாயமாக்கிய முதற்சட்டம் அதனுடையதே.

இந்த அமெரிக்க நிகழ்ச்சியைப் பலரும் 'அரசின் அத்துமீறலுக்கு மக்கள் புகட்டிய பாடம்' என்று எழுதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. செலவுமிக்க நல்ல தீர்வை ஒதுக்கிவிட்டு மலிவான தொல்லையை மக்கள் தலையில் கட்டினார்கள். தொல்லைக்கு ஆளானவர்களுக்குப் பேரம் நடந்தது தெரியாது. தெரிந்ததெல்லாம் தொல்லை மட்டுமே. பட்டையின்மீதே அவர்களுக்கு வெறுப்பு உண்டாயிற்று.

நம் நாட்டுக்கு இக்கதை தாமதமாகவே வந்தது. முன்னிருக்கைப் பட்டைகள் 1994 மார்ச்சுக்குப் பிந்திய கார்களில் கட்டாயமாயின. பின்னிருக்கைக்கு 2002இல் வந்தன. காருக்குள் கண்டிப்பான ஓசை புகுந்தது 2019 ஜூலை முதல் நாள். அன்றுமுதல் உற்பத்தியாகும் கார்களில், ஏ.ஐ.எஸ். 145 என்னும் தொழில்நுட்பத் தரவிதியின்படி, ஓட்டுநருக்குக் காற்றுப்பை, முன்னிருக்கையினர் இருவருக்கும் பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்னோக்கும்போது தடையை உணர்த்தும் கருவி ஆகியவை கட்டாயமாயின. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் இடையிடையே ஓசை. 120ஐத் தாண்டினால் ஓயாத ஓசை. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், பட்டை அணியாதவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதித்தது.

80 என்ற எண்ணைப் பற்றி மட்டும் ஒரு சொல். 2018இல் மத்திய அரசு நான்குவழி நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு 100 கிலோமீட்டரும், விரைவுச் சாலைகளில் 120உம் உச்ச வேகம் என அறிவித்தது. சாலை விபத்தில் உடலியக்கம் இழந்த ஒருவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையைத் தள்ளுபடி செய்தது. வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று ஆள்வோரும் நீதிபதிகளுமே உடன்படாத நாட்டில், சாலையோரப் பலகை 100 என்று காட்ட, காருக்குள் ஓசை 80இலேயே கண்டித்தால் கேட்பவர் எதை நம்புவார்? பட்டைக்கான ஓசை நியாயமானது. வேகத்துக்கான அந்த ஓசையில் சாலையைப் பற்றிய அறிவு இல்லை. ஜப்பானிலும் 1970களில் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்டும் கார்களில் சிறு மணியோசை கட்டாயமாக இருந்தது. 1986இல் அதைக் கைவிட்டனர்.

இனி, இந்த ஓசை பிறக்கும் இடத்தைச் சற்றுக் காண்போம். பீங்கானூரில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1880இல் பாரிசில் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் ஒரு வியப்பைக் கண்டனர். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் அவை சுருங்கி விரிகின்றன என்பதும் விரைவிலேயே தெளிவாயிற்று. முதலாம் உலகப் போரின்போது பால் லாங்கெவின் இதே பண்பைக் கொண்டு, கடலுக்கடியில் மறைந்த நீர்மூழ்கிகளை எதிரொலியால் அறிய முயன்றார். 1940களில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானுக்கும், அடுத்த பத்தாண்டில் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கானுக்கும் இப்பண்பை ஊட்டக் கற்றுக்கொண்டனர். செய்முறை நம் தொழிற்பேட்டைக்கு அன்னியமானதன்று. பொடியை நுணுக்கி, அச்சில் அழுத்தி, சூளையில் வேகவைக்க வேண்டும். பின் வலிய மின்புலத்தில் நிறுத்தி அதற்கு ஒரு திசையைப் பழக்க வேண்டும். மண் வேறு, குடும்பம் ஒன்று.

காரின் பின்புறத் தடுப்புச் சட்டத்தில் சட்டைப் பொத்தான்போல் பதிந்திருக்கும் வட்டங்களுக்குள் இருப்பது இத்தகைய பீங்கான் வில்லையே. நம் செவிக்கு எட்டாத மீயொலியை எழுப்பி, சுவரிலோ மாட்டிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியின் நேரத்தைக் கணித்துத் தூரத்தை அறிகிறது. எளிய எச்சரிக்கைக் கருவிகள் பலவற்றில் 'பீப்' என்று அலறுவதும் பித்தளைத் தகட்டில் ஒட்டிய மெல்லிய பீங்கான் தகடுதான். எஞ்சினின் பொறிச்செருகியில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும் வெள்ளைக் கழுத்தும் பீங்கான். புகைபோக்கியில் நச்சுப் புகையை வடிக்கும் தேன்கூடும் பெரும்பாலும் பீங்கான். அவை ஓசையின்றிப் பணிபுரிவதால் எவரும் அவற்றைத் திட்டுவதில்லை.

பட்டை நினைவூட்டியின் இயக்கமோ மிக எளிது. கொக்கி செருகும் பள்ளத்தில் ஒரு சிறு மின்விசை. பக்கத்து இருக்கையின் மெத்தைக்கடியில் எடையை உணரும் ஒரு கருவி. எடை உண்டு, கொக்கி இல்லை என்றால் ஓசை. ஆகவே ஏமாற்றுவதும் எளிதாயிற்று. பள்ளத்தில் செருகும் போலி நாக்குகள் இணையத்தில் சில பத்து ரூபாய்க்கு விலைபோயின. சில விற்பனையாளர்கள் அவற்றைப் பாட்டில் திறப்பான் என்றும் சிகரெட் கொளுத்தி என்றும் பெயர் மாற்றி விற்றனர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு ஆணையிட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கச் செய்தது. போலி நாக்கைச் செருகியவர் இழப்பது பட்டையை மட்டுமன்று. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் காற்றுப்பை, பட்டை அணிந்து தன் இடத்தில் நிற்கும் உடலுக்கென்றே அளந்து அமைக்கப்பட்டது. கட்டின்றி முன்னே பாயும் உடலுக்கு அதுவே அடியாகவும் மாறக்கூடும்.

அந்த ஆணைக்குப் பின்புலமாக ஒரு சாவு இருந்தது. 2022 செப்டம்பர் 4ஆம் நாள், மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில், டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் சூர்யா ஆற்றுப் பாலத்தின் சுவரில் மோதியது. பின்னிருக்கையில் பட்டை அணியாதிருந்த அவரும் அவர் நண்பரும் இறந்தனர். முன்னிருக்கையில் இருந்த இருவர் பலத்த காயங்களுடன் பிழைத்தனர். விலைமிக்க வெளிநாட்டுக் கார், காற்றுப்பைகள் பல. அந்த மாதத்திலேயே பின்னிருக்கைக்கும் எச்சரிக்கை ஓசை வேண்டும் என்ற வரைவு விதியை அரசு வெளியிட்டது. ஒரு பெரிய மனிதரின் சாவு எழுப்பிய அந்தக் கவனத்தை மற்றச் சாவுகள் எழுப்பவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, அதே 2022இல் பட்டை அணியாமல் இறந்தவர் 16,715 பேர். அவர்களுள் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் உடன் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இவ்வளவும் சொன்னபின், எரிச்சல் கொள்வோரையும் நான் முற்றாகக் குறை கூற மாட்டேன். நல்ல காரணத்தோடு பிறந்த ஓசைக்குப் பக்கத்தில் காரணமற்ற ஓசைகளும் வந்து குடியேறிவிட்டன. விருத்தாசலத்துச் சந்நிதித் தெருவில் ஒரு காரைச் சந்தை நாளில் ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும்: பூக்காரம்மாவின் கூடைக்கு ஓர் அலறல், முந்திச் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு ஓர் அலறல். எதற்கும் அலறும் காவலனை எவரும் எழுந்து பார்ப்பதில்லை. கோடு போடாத சாலையில் கோட்டைத் தேடித் திசைமாற்றியைத் தானே இழுக்கும் கருவிகளும் இப்போது வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் தன் புதிய கார்கள் யாவும் சாலையின் வேக வரம்பை அறிந்து ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும் என்று விதித்தது. பலகையைத் தவறாகப் படித்து வீணாகக் கண்டிக்கிறது என்ற முறையீடு அங்கும் எழுந்தது.

வேறு சில தொல்லைகளுக்குப் பாதுகாப்பு என்ற காரணமும் கிடையாது. கைக்குத் தானே எட்டிய பொத்தான்களையும் திருகுகளையும் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் அடைத்தனர். காற்றின் குளிரைக் குறைக்கக்கூடச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. திருகைவிடத் திரை உற்பத்தியாளருக்கு மலிவு. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பு, திருப்பக் குறிவிளக்கு, அபாய விளக்கு, ஒலிப்பான், மழைத் துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தாலன்றி 2026 முதல் முழு மதிப்பெண் இல்லை என்று அறிவித்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2022இல் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. கருவி ஏற்கெனவே காருக்குள் இருந்தது, பணம் கட்டினால் திறப்பார்கள். எதிர்ப்பு வலுக்கவே அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. நம் ஊர் வைகாசி வெயிலில் இருக்கை சந்தாவின்றியே சூடாகும் என்பது வேறு.

நம் பியூஸ் கட்டைக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். இப்போது புதிய வீடுகளில் அது இல்லை. அதன் இடத்தில் தானே விழும் விசைகள் வந்துவிட்டன. அவற்றில் கம்பி கட்ட இடமில்லை. எவ்வளவு கோபம் வந்தாலும், காரணத்தைக் களைந்தபின் விசையைத் தூக்கிவிடுவதொன்றே வழி. 1974இல் அமெரிக்கர் உடைத்தெறிந்த பூட்டைப் போன்ற ஒன்றை வீடுகளில் நாம் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

சென்னையிலிருந்து திரும்பியபோது பண்ருட்டி வழியாக வந்தோம். பலாப்பழப் பருவம் உச்சத்தில் இருந்தது. பெரிய பழம் ஒன்றை வாங்கினோம். சாமான் பெட்டியில் இடமில்லாமற்போகவே அதை முன்னிருக்கையில் ஏற்றிவிட்டு நான் பின்னுக்கு மாறினேன். வண்டி நகர்ந்ததும் ஓசை தொடங்கியது. ஓட்டுநர் காரை ஓரமாக நிறுத்தி, பட்டையை இழுத்துப் பலாப்பழத்தின்மேல் பொறுமையாகச் சுற்றிக் கொக்கியை மாட்டினார்.

"உங்களுக்கு, தம்பி?" என்றேன்.

"எனக்குத்தான் அது இருக்கே, ஐயா" என்று பள்ளத்தில் செருகியிருந்த நாக்கைக் காட்டிச் சிரித்தார்.

பின்னிருக்கையின் கொக்கிப் பள்ளம் புதிதாகத் தைத்துப் போட்டிருந்த உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துப் பட்டையை மாட்டி முடிக்க எனக்கு வடலூர் வரை ஆயிற்று.